குதிரைக்கு முன்னால் தரையைப் பாருங்கள்

2025 மார்ச் 11, இங்கிலாந்தின் செல்டன்ஹாம் மைதானம், சாம்பியன் ஹர்டில் என்ற தடை தாண்டும் பந்தயம். கட்டிய பணத்துக்குச் சம லாபம்கூடக் கிடைக்காத அளவுக்கு ஊரே நம்பியிருந்த கான்ஸ்டிடியூஷன் ஹில் ஐந்தாவது தடையில் விழுந்தது. பிறகு மற்றவற்றை விட்டுத் தனியாக முன்னால் வந்த ஸ்டேட் மேன், கடைசித் தடையில் விழுந்தது. பின்னால் வந்த கோல்டன் ஏஸ் என்ற பெண் குதிரை 25/1 விலையில் (ஒன்று கட்டினால் இருபத்தைந்து லாபம்) ஜெயித்தது.

இதைப் பார்த்துவிட்டு, தடை தாண்டும் பந்தயம் வெறும் குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்கள் உண்டு. பாதி சரி. எந்தத் தடையில் எது விழும் என்று ஒரு கணக்கும் சொல்லாது. ஆனால் கோல்டன் ஏஸ் ஊர்பேர் தெரியாத குதிரை கிடையாது. முந்தைய ஆண்டு இதே செல்டன்ஹாம் பந்தயத் திருவிழாவில், இந்த ஆண்டு பெரிதும் பேசப்பட்ட பிரைட்டர்டேஸ்அஹெட்டை அது நேருக்கு நேர் தோற்கடித்திருந்தது. போதாததற்கு, பெண் குதிரை என்பதால் ஆண் குதிரைகளைவிட 7 பவுண்டு குறைவாகச் சுமந்தது. அது ஜெயிக்கும் என்று யாரும் அடித்துச் சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் நூற்றுக்கு நான்கு பங்குகூட வாய்ப்பு இல்லை என்று 25/1 விலை சொன்னதே, அதை ஒப்புக்கொள்ளலாமா என்ற கேள்வி பந்தயத்துக்கு முன்பே கேட்டிருக்கக்கூடிய கேள்விதான். ஒரு நாள் பந்தய அட்டையில் (அன்றைய பந்தயங்களின் பட்டியல்) இருக்கும் குதிரைகளை எடைபோடுவது என்றால் வேலை இதுதான்: ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று சொல்வது.

கிண்டியிலோ ஊட்டியிலோ ரேஸ் பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் சில வித்தியாசங்களைச் சொல்லிவிட வேண்டும். அங்கே பார்த்தது சமதளப் பந்தயம் மட்டும். பெரும்பாலும் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டர் சொச்சம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடக்கும் தடைப் பந்தயத்தில் குறைந்தபட்சத் தூரமே ஏறக்குறைய இரண்டு மைல். கிராண்ட் நேஷனல் நான்கேகால் மைலைத் தாண்டும். ஹர்டில் என்பது மூன்றரை அடி உயரம், இடித்தால் சாய்ந்து கொடுக்கும். இரண்டு மைலுக்குக் குறைந்தது எட்டு இருக்கும். சேஸ் பந்தயத்தின் வேலி குறைந்தது நான்கரை அடி, கெட்டியாகக் கட்டியது; இரண்டு மைலுக்குப் பன்னிரண்டு, மைலுக்கு ஒன்றாவது முன்னால் பள்ளத்தோடு இருக்கும். திறமைக்கேற்ப எடை ஏற்றிச் சமப்படுத்தும் ஹாண்டிகேப் பந்தயங்களில் எடை சாதாரணமாக 10 ஸ்டோன் 2 பவுண்டிலிருந்து 12 ஸ்டோன் வரை, அதாவது சுமார் 64 கிலோவிலிருந்து 76 கிலோ வரை போகும். இவ்வளவு தூரம், இவ்வளவு சுமை, ஈரமான குளிர்காலம். வேகத்தைவிட மூச்சும் தாண்டும் திறனும் இங்கே முக்கியமாவதற்கு அதுதான் காரணம்.

ஏழு பந்தயத்தையும் பார்க்காதீர்கள்

சாதாரண சனிக்கிழமை அட்டையில் ஏழு பந்தயங்கள் இருக்கும். ஏழிலும் கருத்து சொல்ல வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. முதலில் அட்டையை மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டி, படிக்கக் கூடியவை எவை, படிக்க முடியாதவை எவை என்று பிரிக்க வேண்டும். நமக்கு இருக்கும் நேரம் ஒரு மணி என்றால், அதை இரண்டு பந்தயங்களில் செலவழிப்பது ஏழில் தெளிப்பதைவிடப் பல மடங்கு உபயோகம்.

படிக்க முடியாதவற்றில் முதலிடம் பம்பர் எனப்படும் தடையில்லாப் பந்தயத்துக்கு. பாதிக் குதிரைகள் முதல்முறை ஓடுகின்றன. டிரெய்னர் பெயரையும் வம்சத்தையும் தவிர கையில் ஒன்றும் இல்லை. அடுத்து, அடிமட்ட ரேட்டிங்கில் (குதிரையின் திறமைக்குத் தரும் மதிப்பெண்) பதினாறு பதினேழு குதிரைகள் ஓடும் ஹர்டில் ஹாண்டிகேப். அங்கே எல்லாமே தோற்றுத் தோற்று வந்த குதிரைகள். எது இன்று திடீரென்று விழித்துக்கொள்ளும் என்பதற்கு அட்டையில் தடயம் இருக்காது. இந்த இரண்டையும் தள்ளினாலே ஐந்துதான் மிச்சம். எட்டிலிருந்து பன்னிரண்டு குதிரைகள் ஓடும், எல்லாம் ஐந்தாறு முறையாவது வேலி தாண்டியிருக்கும் சேஸ் ஹாண்டிகேப்தான் உழைப்புக்குப் பலன் கிடைக்கும் இடம். குதிரைகளின் பழக்கவழக்கங்கள் வெளியே தெரிந்துவிட்ட பந்தயம் அது.

நாவிஸ், அதாவது புதுமுகக் குதிரைகளுக்கான ஹர்டில் நடுவாந்தரம். புதிய குதிரைகள்தான், ஆனாலும் தடயங்கள் உண்டு. அயர்லாந்தின் பாயின்ட்-டு-பாயின்ட் எனப்படும் அமெச்சூர் வேலிப் பந்தயத்தில் நாலு வயதில் மூன்று மைல் ஓடி ஜெயித்து, பெரிய விலைக்குக் கைமாறி வந்ததா? அப்படியென்றால் வேலி தாண்டத் தெரியும், மூச்சு இருக்கும், இரண்டு மைல் வேகம் போதுமா என்பதுதான் சந்தேகம். பிரான்சிலிருந்து வந்ததா? அங்கே மூன்று வயதிலேயே தடை தாண்டப் பழக்கிவிடுவார்கள். இளம் குதிரைகளுக்கான பந்தயத்தில் அந்த அனுபவம் பெரிய சொத்து. சமதளத்தில் நல்ல ரேட்டிங் வாங்கி வந்ததா? அப்போது கேள்வி தலைகீழ்: வேகம் இருக்கிறது, முதல் நான்கு தடைகளை எப்படிச் சந்திக்கும்?

தரை

பந்தயத்தைத் தேர்ந்த பிறகும் குதிரைகளின் பெயர்களைப் பார்க்க அவசரப்படக் கூடாது. முதலில் தரை நிலவரம். பிரிட்டனில் இது கெட்டியிலிருந்து சேறு வரை அதிகாரப்பூர்வமாகவே அறிவிக்கப்படும்: ஃபர்ம், குட் டு ஃபர்ம், குட், குட் டு சாஃப்ட், சாஃப்ட், ஹெவி. குச்சியைத் தரையில் குத்தி, அது இறங்கும் ஆழத்தையும் இழுக்கும்போது மண் கொடுக்கும் எதிர்ப்பையும் அளந்து ஓர் எண்ணும் தருவார்கள். அந்த எண்ணை ஒரு மைதானத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒப்பிடக் கூடாது. மண் வேறு, வடிகால் வேறு. அதே மைதானத்தின் பழைய எண்ணோடு ஒப்பிட்டால் மட்டுமே அர்த்தம்.

தரை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு பிரிஸ்டல் டி மை என்ற குதிரையைப் பாருங்கள். 2017 நவம்பரில் ஹேடாக் மைதானத்தில், ஹெவி தரையில், பெட்ஃபேர் சேஸை 57 லெங்த் (ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம்) வித்தியாசத்தில் ஜெயித்தது. உச்ச நிலைப் பந்தயத்தில் இப்படியொரு இடைவெளி அபூர்வம். அடுத்த மாதமே கெம்ப்டனில், அவ்வளவு நனையாத தரையில், கிங் ஜார்ஜ் சேஸ். மைட் பைட் ஜெயித்தது. பிரிஸ்டல் டி மை முதல் மூன்று இடத்தில்கூட இல்லை. அதே குதிரை, ஏறக்குறைய அதே தூரம், ஒரே மாத இடைவெளி. ஹேடாக்கின் 57-ஐ அப்படியே தூக்கிக் கெம்ப்டனில் வைத்துக் கணக்குப் போட்டவர்கள் ஏமாந்தார்கள். சேற்றில் அந்தக் குதிரை சிறப்பாக ஓடியது என்பது பாதி உண்மைதான். மற்றவை சேற்றில் ஓட முடியாமல் நின்றுவிட்டன என்பது மீதிப் பாதி. பெரிய வித்தியாசத்தில் வந்த வெற்றி எதைப் பார்த்தாலும் இரண்டாவது பாதியை முதலில் விசாரிக்க வேண்டும்.

அட்டையில் தரையோடு கூடவே இன்னும் இரண்டு குறிப்புகள் இருக்கும், பலர் கண்ணை ஓட்டிவிட்டுப் போவார்கள். ஒன்று, தடத்தின் ஓரக் கம்பிகளை நகர்த்தியதால் தூரம் எத்தனை கஜம் கூடியது என்பது. மூன்று மைல் பந்தயத்தில் கம்பி நகர்வால் நூற்றைம்பது கஜம் கூடினால், ஏற்கெனவே மூன்று மைலுக்கு மூச்சு வாங்கும் குதிரையைத் தயங்காமல் கீழே இறக்கலாம். இன்னொன்று, சில மைதானங்களில் ஹர்டில் தடத்துக்கும் சேஸ் தடத்துக்கும் தரை நிலவரம் தனித்தனி. லண்டனுக்குத் தென்மேற்கே இருக்கும் சான்டவுன் நல்ல உதாரணம். அங்கே ஹர்டில் பந்தயங்கள் கோடையில் சமதளப் பந்தயம் ஓடும் புல்வெளியில் நடக்கின்றன, சேஸுக்குத் தனித் தடம். மழை பெய்த வாரத்தில் ஒன்று குட் டு சாஃப்ட், இன்னொன்று சாஃப்ட் என்று அறிவிப்பு வரும். முதல் ஹர்டில் பந்தயம் மெதுவாக ஓடியதைப் பார்த்து அடுத்த சேஸுக்கும் சேற்றுக் குதிரையைத் தேடினால் கணக்கு தப்பும்.

சான்டவுனின் பின்நேர்க்கோடு

மைதானம் குதிரையிடம் என்ன கேட்கிறது என்பதைப் புரிந்துகொள்ள சான்டவுனையே கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வலப்பக்கமாகச் சுற்றும் தடம். பின்நேர்க்கோட்டில் ஏழு வேலிகள். அவற்றில் கடைசி மூன்று, ரயில் பாதையை ஒட்டியவை, அடுத்தடுத்து நெருக்கமாக நிற்கும். இவற்றுக்குத்தான் ரயில்வே வேலிகள் என்று பெயர். முதல் வேலியைச் சரியான இடத்தில் எழும்பித் தாண்டினால் இறங்கிய தாளத்திலேயே இரண்டாவது வரும், மூன்றாவதும் வரும். முதலாவதில் காலடி பிசகி, குட்டையாக எழும்பி, வேலியை உரசி இறங்கினால் வேகத்தைத் திரும்பப் பிடிக்க இடமே கிடையாது. இரண்டாவதிலும் பிசகு, மூன்றாவதிலும் பிசகு. மூன்று வேலிக்குள் நாலைந்து லெங்த் காணாமல் போகும். அதற்குப் பிறகு வளைவு, குளத்தருகே ஒரு வேலி, பின் ஏற்றம். அந்த ஏற்றத்தில் நாலு லெங்த்தைத் திரும்பப் பெறுவது லேசில்லை. டிசம்பர் தொடக்கத்தில் இங்கே நடக்கும் டிங்கிள் கிரீக் சேஸில் இரண்டு மைல் வேகத்தில் இந்த மூன்று வேலிகளைத் தாண்ட வேண்டும் என்பதால்தான் அது தாண்டுகிறவர்களின் பந்தயம் என்று பேசப்படுகிறது.

இதற்கு நேர்மாறு கெம்ப்டன். அதுவும் வலச்சுற்று, ஆனால் தட்டையான தடம். ஓட்டம் வேகமாகவே இருக்கும். செல்டன்ஹாம் இடச்சுற்று, மேடு பள்ளம், முடிவில் ஏற்றம். அங்கேயும் இரண்டு தடங்கள் உண்டு: மார்ச் திருவிழாவின் முதல் இரண்டு நாட்களுக்குப் பழையது, அடுத்த இரண்டு நாட்களுக்குப் புதியது. புதிய தடத்தின் ஹர்டில் பந்தயத்தில் கடைசி ஆறு ஃபர்லாங்கில் இரண்டே தடைகள். தாண்டும் திறமையால் சம்பாதிப்பதற்கு அங்கே இடம் குறைவு, கால் வலுவும் மூச்சும்தான் தீர்மானிக்கும்.

வலமா இடமா என்பது சின்ன விஷயம்போலத் தெரியும். சில குதிரைகள் ஒவ்வொரு வேலியிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே தாண்டும். வலப்பக்கம் சாயும் குதிரை இடச்சுற்றில் ஓடினால் வேலிக்கு அரை லெங்த் வீதம் இழக்கும். இருபது வேலிக்குப் பத்து லெங்த். டெசர்ட் ஆர்க்கிட் என்ற புகழ்பெற்ற வெள்ளைக் குதிரை கெம்ப்டனின் வலச்சுற்றில் கிங் ஜார்ஜை நான்கு முறை ஜெயித்தது. இடச்சுற்றான செல்டன்ஹாம் அதற்கு ஒத்துவராத களம் என்பது எல்லாருக்கும் தெரியும். 1989-ல் அங்கே சேற்றில் கோல்டு கப்பை அது ஜெயித்ததை இன்றும் வியந்து பேசுவதற்கு அதுவே காரணம்.

எழுத்தும் எண்ணும்

இப்போது குதிரைகளின் வரலாற்று வரிக்கு வரலாம். பெயருக்கு இடப்பக்கம் 1எஃப்2-பி3 என்பதுபோல் ஒரு வரி இருக்கும் (அட்டையில் ஆங்கில எழுத்துகளில்). வலக்கோடியில் இருப்பதுதான் கடைசி ஓட்டம். எண் வந்த இடம். பூஜ்யம் என்றால் பத்தாவது அல்லது அதற்கும் கீழே. சிறு கோடு சீசன் மாறியதைக் காட்டும், சாய்கோடு ஒரு சீசனுக்கு மேற்பட்ட இடைவெளியை. எஃப் என்றால் விழுந்தது. யு என்றால் ஜாக்கி மட்டும் விழுந்தார். பி (P) என்றால் பாதியில் நிறுத்தப்பட்டது. சில அட்டைகளில் வேறு சுருக்கங்களும் வரும். மற்றொரு குதிரை விழுந்ததால் தடுக்கி வீழ்ந்தது என்ற குறி (BD) வந்தால் அதில் குதிரையின் குற்றம் ஏதும் இல்லை, அழித்துவிட்டுப் படிக்கலாம்.

எஃப் என்ற எழுத்து அநியாயமாகப் பலரைப் பயமுறுத்துகிறது. 2022 செல்டன்ஹாமில் ஒரு நாவிஸ் சேஸில் காலோபின் டே ஷாம் மற்றவற்றை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டுக் கடைசி வேலியில் விழுந்தது. வரியில் பதிவானது எஃப் மட்டும். அந்த எஃப்புக்கு முந்தைய சில நிமிடங்களைப் பார்த்தவர்களுக்குத்தான் அது ஒன்றாம் இடத்தைவிட மேலான ஓட்டம் என்று தெரியும். 2023, 2024 இரண்டு ஆண்டும் கோல்டு கப் அதற்கே. ஆகவே எழுத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டியது: எந்த இடத்தில் விழுந்தது, அப்போது எப்படி ஓடிக்கொண்டிருந்தது? முதல் வேலியில் விழுந்தால் அது விபத்து என்று தள்ளலாம். களைத்துப்போய், கடைசியிலிருந்து மூன்றாவது வேலியில் விழுந்தால் விழாவிட்டாலும் தோற்றிருக்கும். மூன்று ஓட்டத்தில் இரண்டு எஃப், இடையில் ஒரு யு என்று வந்தால் மட்டும் அது பழக்கம். அந்தக் குதிரைக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் வாய்ப்பில் கால் பங்கையாவது வெட்டிவிடுவது நல்லது.

என் கண்ணுக்கு எஃப்பைவிட ஆபத்தானது பி. நன்றாக ஓடிவந்து, வளைவு திரும்பியதும் விளக்கு அணைந்த மாதிரி நின்றுபோன குதிரைக்குப் பெரும்பாலும் மூச்சுக்குழல் பிரச்சினை இருக்கும், அல்லது மூக்கில் ரத்தம் வந்திருக்கும். ஸ்டூவர்டுகளின் (பந்தய நடுவர்களின்) அறிக்கையில் அது பதிவாகியிருக்கும். இலவசமாகக் கிடைக்கும் அந்த அறிக்கையைப் படிக்கிறவர்கள் கொஞ்சம்தான். 2018 ஜனவரி முதல், குதிரை மூச்சுக்குழல் அறுவை சிகிச்சை செய்துகொண்டு முதல்முறை ஓடினால் அதை அறிவிக்க வேண்டும் என்பது பிரிட்டனில் விதி. நாக்கைக் கட்டுவது, கண் மறைப்பு, கன்னப் பட்டை எல்லாவற்றுக்கும் தனிக் குறிகள் உண்டு. முதல்முறை போடும்போது பக்கத்தில் 1 என்று வரும். இந்தக் குறிகளுக்காக மட்டும் ஒரு குதிரையைத் தேர்வதில் அர்த்தமில்லை. ஆனால் முன்பு நல்ல ரேட்டிங்கில் ஓடியது, கடைசி இரண்டு ஓட்டத்தில் திடீரென்று நின்றுபோனது, ரேட்டிங் இறங்கியது, இப்போது அறுவை சிகிச்சை முடிந்து வருகிறது என்று நான்கும் சேர்ந்து நின்றால் வாய்ப்பை ஏற்றத்தான் வேண்டும்.

பவுண்டுக் கணக்கு

ஹாண்டிகேப்பில் ஒவ்வொரு குதிரைக்கும் ரேட்டிங் உண்டு. ஒரு புள்ளிக்கு ஒரு பவுண்டு எடை. தடைப் பந்தயத்தில் ஒரு லெங்த்துக்கு ஒரு பவுண்டு என்பது கைக்கணக்கு. உதாரணமாக, 130 ரேட்டிங் உள்ள குதிரை, 126 உள்ள இன்னொன்றை மூன்று லெங்த்தில் ஜெயித்தது என்று வைப்போம். முதலாவதை 136-க்கு ஏற்றினார்கள், இரண்டாவதை 127-க்கு. மறுபடி சந்தித்தால் எடை வித்தியாசம் 4-லிருந்து 9 ஆகிவிடும். ஐந்து பவுண்டு மாற்றம், மூன்று லெங்த் தோல்வி: காகிதத்தில் இப்போது இரண்டாவது குதிரை இரண்டு லெங்த் முன்னால்.

காகிதத்தில் என்பதை அடிக்கோடிட வேண்டும். முதல் குதிரையின் ஜாக்கி கடைசி நூறு கஜத்தில் கையைத் தளர்த்தி, காதை நிமிர்த்தி வந்த குதிரையைச் சும்மா கொண்டுவந்திருந்தால் அந்த மூன்று லெங்த் உண்மையில் எட்டாக இருக்கலாம். சவுக்கை ஓங்கி ஓங்கி மூன்று என்றால் அது மூன்றுதான். மறு ஒளிபரப்பைப் பார்க்காமல் பவுண்டுக் கணக்கு போடுவது வீண்வேலை.

ஹாண்டிகேப் ரேட்டிங் செவ்வாய்க்கிழமைகளில் புதுப்பிக்கப்படும். பந்தயத்துக்குப் பெயர் கொடுத்து எடை முடிவான பிறகு இடையில் ஒன்றை ஜெயித்த குதிரை, அபராதமாகச் சில பவுண்டு கூடச் சுமந்து ஓடும். புதிய ரேட்டிங் அதைவிட அதிகமாக ஏறப்போகிறது என்றால், இன்று அது சுமக்க வேண்டியதைவிடக் குறைவாகச் சுமக்கிறது. அபராதம் 7, வரப்போகும் ஏற்றம் 11 என்றால் நாலு பவுண்டு இனாம். இது ரகசியமே இல்லை, பந்தயப் பணம் வாங்கும் புக்கிகளுக்கும் தெரியும், விலையிலேயே சேர்ந்திருக்கும்.

ஜாக்கி விஷயத்தில் பயிற்சிக்கால ஜாக்கிகளின் சலுகையைக் கவனியுங்கள். 20 வெற்றி வரை 7 பவுண்டு, 40 வரை 5, 75 வரை 3. வெற்றி எண்ணிக்கை 70-ஐத் தொட்ட, வேலிகளை நன்றாகச் சந்திக்கும் இளைஞர் ஒருவருக்கு இன்னமும் 3 பவுண்டு கிடைக்கிறது என்றால் அது சுத்த லாபம். நாலே வெற்றி பெற்றவருக்கு 7 பவுண்டு கிடைப்பது சான்டவுன் ரயில்வே வேலிகளில் லாபமா என்று யோசிக்க வேண்டும்.

யார் முன்னால் போவார்?

அனேகம் பேர் தவறவிடும் கேள்வி இது. ஒவ்வொரு குதிரையும் பந்தயத்தின் முதல் பாதியில் எங்கே இருந்து பழகியது என்று கடைசி நாலு ஓட்டத்தின் வர்ணனையைப் படித்து ஓரத்தில் குறித்துவையுங்கள்: முன், நடு, பின். பத்துக் குதிரையில் முன்னால் போக விரும்புவது ஒன்றே ஒன்று என்றால் அது தன் இஷ்டத்துக்கு வேகத்தை வைத்துக்கொள்ளும், வேலிகளைத் தனியாக, மறைப்பில்லாமல் பார்த்துத் தாண்டும். அதன் வாய்ப்பை ஏற்றுங்கள். முன்னால் போக நாலு குதிரை அடித்துக்கொண்டால் கடைசியிலிருந்து மூன்றாவது வேலிக்குள் நாலும் தீர்ந்துபோகும். பின்னால் பொறுமையாக வருவதற்கு விருந்து. யாருமே முன்னால் போக விரும்பாவிட்டால் நடைவேகத்தில் ஓடிக் கடைசி அரை மைலில் ஓட்டப்பந்தயம் ஆகும், மூன்று மைல் மூச்சுக்காரனின் மூச்சு அங்கே பிரயோஜனப்படாது.

டிரெய்னர்கள் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் தேவை கொஞ்சம்தான். கடைசி இரண்டு வாரத்தில் அந்த லாயத்துக் குதிரைகள் தங்கள் ரேட்டிங்குக்குத் தக்கபடி ஓடினவா? ஒரு லாயத்தில் இருமல் புகுந்தால் எல்லாக் குதிரையும் ஒன்றாகச் சோர்ந்துபோகும். வில்லி மல்லின்ஸ் போன்றவர்கள் ஒரே பந்தயத்தில் மூன்று நாலு குதிரைகளை இறக்குவார்கள். அப்போது முதல் ஜாக்கி எதில் ஏறினார் என்பது ஒரு தகவல், அவ்வளவுதான். 2025 கிராண்ட் நேஷனலை அவருடைய நிக் ராக்கெட் ஜெயித்தது 33/1-ல்.

நீண்ட ஓய்வுக்குப் பிறகு வரும் குதிரையை அந்த டிரெய்னரின் பழக்கத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். சிலர் முதல் ஓட்டத்துக்கே தயார் செய்து கொண்டுவருவார்கள். சிலருக்கு முதல் ஓட்டமே பயிற்சி.

நூறு பங்கு

இவ்வளவும் முடிந்த பிறகு விலையைப் பார்க்காமல் ஒரு காகிதத்தில் பங்கு பிரியுங்கள். எட்டுக் குதிரை என்றால், உதாரணத்துக்கு: 30, 20, 15, 12, 10, 7, 4, 2. கூட்டினால் நூறு வர வேண்டும்; முதல்முறை போடுகிறவர்களுக்கு அநேகமாக நூற்றிருபதைத் தாண்டும், ஏனென்றால் பிடித்த குதிரைக்கெல்லாம் தாராளமாகக் கொடுத்திருப்பார்கள். வெட்டுங்கள். வெட்டும்போதுதான் உண்மையான அபிப்பிராயம் என்ன என்று தெரியவரும்.

பிறகு சந்தை விலையைப் பங்காக மாற்றுங்கள். 4/1 என்றால் ஒன்று கட்டினால் நாலு லாபம். ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20. 6/4 என்றால் 40. எல்லாக் குதிரையின் விலையையும் இப்படி மாற்றிக் கூட்டினால் நூறு வராது, கூடவே வரும். நூறுக்கு மேலே இருப்பது புக்கியின் சம்பளம். நீங்கள் 30 கொடுத்த குதிரைக்குச் சந்தையில் 4/1 கிடைத்தால் அது பேசத்தக்க வித்தியாசம். அதே குதிரை 6/4-ல் நின்றால், உங்கள் கணக்கில் முதலிடம் அதுவே என்றாலும், விலை மோசம். இன்னொன்று: வித்தியாசம் ரொம்பப் பெரிதாக இருந்தால் சந்தைக்குத் தெரிந்த ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டு தரை, தூரம், மூச்சு மூன்றையும் மறுபடி சரிபாருங்கள்.

எட்டுக் குதிரைப் பந்தயத்தில் பிளேஸ் (ஜெயிக்காவிட்டாலும் முன்னிடங்களில் ஒன்றில் வரும் என்று) கட்டுகிறவர்கள் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. எட்டு ஓடினால் மூன்று இடத்துக்குக் காசு. காலையில் ஒன்று விலகி ஏழானால் இரண்டு இடத்துக்குத்தான். கணக்கே மாறிவிடும்.

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்ததே என்று 1996-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் திறமையில் பெரும் பகுதி இந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. கட்டுவதா வேண்டாமா என்பதும், எங்கிருந்து கட்டுவது சட்டப்படி சரி என்பதும் வேறு கேள்விகள். காகிதத்தோடு நிறுத்திக்கொண்டாலும் பந்தயம் பார்க்க ருசியாகவே இருக்கும்.

அன்று மதியம்

முதல் பந்தயம் ஓடிய நிமிடம் நம்மிடம் அன்றைய நிஜத் தரவு வந்துவிடுகிறது. இரண்டு மைல் ஹர்டிலுக்கு அந்த மைதானத்தின் நிர்ணய நேரம் 3 நிமிடம் 50 வினாடி என்று கொள்வோம். வேகமாகவே ஓடியும் 4 நிமிடம் 10 வினாடி ஆனால், மைலுக்குப் பத்து வினாடி மெதுவு. அறிவிப்புப் பலகையில் குட் டு சாஃப்ட் என்று எழுதியிருந்தாலும் தரை சாஃப்ட்தான் என்று எடுத்துக்கொண்டு, அதே தடத்தில் அடுத்து வரும் பந்தயத்தின் பங்குகளைத் திருத்துங்கள். ஒரே தூரத்தில் இரண்டு ஹர்டில் பந்தயம் இருந்தால் நாவிஸ் நேரத்தையும் ஹாண்டிகேப் நேரத்தையும், சுமந்த எடையையும் சேர்த்து ஒப்பிடலாம். 135 ரேட்டிங் குதிரையை அதே எடையில் நாவிஸ் ஒன்று மூன்று வினாடியில் முந்தியிருந்தால், அதன் பெயரைக் குறித்துவைக்க வேண்டும்.

டிசம்பர், ஜனவரி மதியங்களில் வெயில்தான் எதிரி. மழையில்லாத நாளில் சூரியன் தாழ்ந்து நேராகக் கண்ணில் அடித்தால் அந்தத் திசையில் இருக்கும் வேலிகளை எடுத்துவிடுவார்கள். குதிரைகள் அவற்றைச் சுற்றிக்கொண்டு ஓடும். (தடைகளில் ஆரஞ்சு நிறப் பட்டைகள் போய் வெள்ளை வந்ததும் குதிரையின் கண்ணை ஆராய்ந்த பிறகுதான், அதற்கு ஆரஞ்சு சரியாகத் தெரியாது.) நேர்க்கோட்டு வேலிகள் போய்விட்டால் தாண்டும் திறமையை நம்பி நீங்கள் கொடுத்த பங்கு அந்தரத்தில் நிற்கும். மூன்று வேலியில் மூன்று லெங்த் சம்பாதித்திருக்க வேண்டிய குதிரைக்கு இன்று அந்த மூன்றும் கிடையாது. சறுக்கித் தாண்டும் வேகக் குதிரைக்கு அதிர்ஷ்டம். முடிவு பந்தயத்துக்குச் சில நிமிடம் முன்புதான் வரும், விலை அதற்குள் முழுதாக மாறியிருக்காது.

பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடாக்கில் குதிரையைப் பார்த்துச் சொல்ல எல்லாராலும் முடியாது. பின்னங்கால்களுக்கிடையில் வெள்ளையாக வியர்வை நுரைத்திருக்கிறதா, கடிவாளத்தோடு மல்லுக்கட்டுகிறதா என்ற இரண்டை மட்டும் தொலைக்காட்சியிலேயே பார்க்கலாம். எப்போதும் வியர்க்கும் குதிரை என்றால் அதையும் விட்டுவிடலாம்.

பந்தயம் முடிந்த அன்றிரவே மறு ஒளிபரப்பைப் பார்ப்பதுதான் அடுத்த சனிக்கிழமைக்கான வேலை. ஜெயித்த குதிரையைப் பார்க்க வேண்டாம், அதை உலகமே பார்த்துவிட்டது. மூன்றாவது, நாலாவது, ஐந்தாவதைப் பாருங்கள். எந்த வேலியில் இழந்தது, எந்தப் பக்கம் சாய்ந்தது, வளைவில் எத்தனை குதிரைக்கு வெளியே ஓடியது, கடைசி வேலிக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் தூரம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும். குதிரைக்கு ஒரு வரி போதும்: "சான்டவுன், சாஃப்ட், இரண்டு மைல், நடுவில் ஓட்டம், ரயில்வே இரண்டாவதில் பெரிய பிசகு, ஏற்றத்தில் நெருங்கியது, இரண்டரை மைல் பார்க்கவும்." மூன்று வாரம் கழித்து அது ஹேடாக்கிலோ எக்ஸ்டரிலோ இரண்டரை மைலுக்குப் பெயர் கொடுக்கும்போது, வரியில் வெறும் 4 என்றுதான் அச்சாகியிருக்கும்.